அவர் சொட்டை சொல்லாத கண்ணாடி

எங்கள் கடைக்கு வந்துபோனவர்களில் எந்தப் பொருளையும் "நல்லா இருக்கு" என்று சொல்லாமலே வாங்கிப் போனவர் அவர் ஒருத்தர்தான். கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதில் ஒரு சொட்டை, ஏதாவது ஒரு குறை, கண்டுபிடித்துச் சொல்லுவார். குறை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். தினமும் பத்துப் பேர் வருவார்கள். இவர் பேரமே பேச மாட்டார். குறையைச் சொல்லிவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்து, அந்தக் குறையுள்ள பொருளையே சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போவார்.

தூத்துக்குடி பீச் ரோட்டில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. தோணிக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் திசைகாட்டி, பைனாகுலர், தொலைநோக்கி எல்லாம் விற்போம், பழுதும் பார்ப்போம். அவர் முதல் தடவை வந்தபோது கல்லாவில் என் வீட்டுக்காரர் இருந்தார். வந்தவர் ஒரு பைனாகுலரைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவில் போய் நின்றார். எதிரே கடல் கிடக்கிறது, அதைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்காயையே வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, இதுல இடது பக்கம் ஒரு நூலு கீழ பாக்குது. அரை மணி நேரம் பாத்தா தலைய வலிக்கும்" என்றார்.

"அப்ப வேற தரட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம், இதையே குடு. இதுல என்ன சொட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்ததுல என்ன இருக்கோ, யாரு கண்டா?"

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரமே அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் இங்கே பக்கத்தில் உள்ள நாசரேத். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீஷ் பேசினால் நிறுத்தி நிதானமாக, வேதம் வாசிக்கிறது போலப் பேசுவார். பீரங்கிப் படையில் இருந்தார். பீரங்கி சுடுகிறவர் இல்லை. எல்லாருக்கும் முன்னால் போய் ஒரு மேட்டில் ஒளிந்து உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே விழுந்தது, அங்கே யார் யார் நடமாடுகிறார்கள் என்று பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லுகிறவர். பல வருஷம் அந்த ஒரே வேலை. ஓய்வு பெற்று வந்து முத்தையாபுரத்தில் வீடு கட்டி, துறைமுகப் பக்கத்தில் ஒரு கிடங்கில் காவல் அதிகாரியாக இருந்தார். பட்டாளத்தை விட்டு வந்தாலும் அவர் கண் அந்த மேட்டிலேதான் உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் டப்பாவை நீட்டினால், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "சக்கர ஒரு பிடி கூட. முந்திரில கள்ளம் பண்ணல" என்பார். சொல்லிக்கொண்டே நாலு தின்பார். கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் போதகர் கை கொடுத்தால், "நல்ல பிரசங்கம். கடைசிப் பத்து நிமிசம் தேவையில்ல" என்பார். போதகர் சிரிப்பார். ஆனால் அடுத்த வாரம் பிரசங்கம் சுருக்கமாக முடியும்.

வீட்டில் மட்டும் இது சிரிப்பாக இல்லை. அவருக்கு ஒரே பெண். அந்தப் பிள்ளையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் பேசிய பேச்சை அவர் மனைவி, எனக்கு மதினி, அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் காபி குடித்து முடிக்கும் முன்னே, "எம் மவ நல்லாப் படிச்சிருக்கா. ஆனா கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு யாருட்டயும் பேச மாட்டா. சமையலு சுமாருதான்" என்று ஆரம்பித்துவிடுவாராம். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தம்பிக்கு எங்கன வேலைன்னு மூணு தடவ கேட்டேன், மூணு பதில் வருதே" என்பாராம். வந்தவர்கள் மிக்சர் தட்டைத் தொடாமல் எழுந்து போவார்கள்.

"இந்த மனுசன் வாயிதான் எம் பிள்ளைக்கு எமன்" என்பாள் மதினி. "பொண்ணு குடுக்கப் போறாவளா, பழைய சைக்கிள விக்கப் போறாவளா, நீயே சொல்லு."

நான் அவளோடு சேர்ந்து வருத்தப்படுவேன். ஆனால் உள்ளுக்குள் நான் அவர் கட்சி. அதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லாரும் என்னிடம் தைரியம்தான் சொன்னார்கள். டாக்டர் மருந்தில் தேறி வருகிறது என்றார். என் அம்மா கோயிலுக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். கொழுந்தன்மார் வாசலில் நின்று அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். அண்ணாச்சி வந்தார். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இவன் இனி வீட்டுக்கு வர மாட்டான். ஒனக்கு அவன்ட்ட பேச வேண்டியது எதுவும் இருந்தா இன்னைக்கே பேசிரு."

அவரை அடித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதேதோ சொன்னார். மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அப்புறம் திரும்பவே இல்லை. தைரியம் சொன்ன யாரும் எனக்கு அந்த ஒரு சாயங்காலத்தைத் தரவில்லை. அண்ணாச்சி தந்தார். அதற்காக அவரிடம் ஆயுசுக்கும் நன்றியோடு இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கடையை நான் எடுத்து நடத்தினேன். சனிக்கிழமை தோறும் அவர் வருவார். பழைய கப்பல்களிலிருந்து வந்த தொலைநோக்கிக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உப்பளப் பக்கம் போவார். மற்றவர்களைப் போலக் கப்பலையோ தீவையோ பார்க்க மாட்டார். வெயிலில் வெள்ளை வெளேரென்று நிற்கிற உப்பு அம்பாரத்தின் ஓரத்தைப் பார்ப்பார். கண்ணாடி மட்டமாக இருந்தால் உப்புக்கும் வானத்துக்கும் நடுவில் ஊதாவாக ஒரு கோடு ஓடுமாம். பிறகு முகத்தில் வேர்வை வழிய ஒரு மணி நேரம் அப்படியே கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். கண் வலிக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, காற்று அடித்தால் கண்ணாடி நிற்கிற முக்காலி ஆடுகிறதா, வேர்த்த விரலுக்குத் திருகு வழுக்குகிறதா என்று பார்ப்பார்.

முக்கியமாக, உச்சிவெயிலில்தான் பார்ப்பார்.

"காலையில பாத்தா எந்தக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான் தங்கச்சி" என்பார். "சூரியன் உச்சிக்கு வந்த பெறவு தரை கொதிக்கும், காத்து நெளியும். அப்ப என்ன காட்டுதுன்னு பாக்கணும். அறுவது மடங்கு பெருசாக் காட்டுத கண்ணாடி கானலையும் அறுவது மடங்கு பெருசாத்தான காட்டும்? தூரத்துல நிக்கவன் கையில இருக்கது துப்பாக்கியா மம்பட்டியான்னு தெரியணும். அதுக்குப் பெருசு ஒதவாது. தெளிவுதான் ஒதவும்."

ஒருநாள், ஏன் இப்படி எல்லாவற்றிலும் குறை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அதிகம் பேசாதவர் அன்றைக்குப் பேசினார். அவரோடு மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற கூட்டாளி ஒருத்தன் இருந்தானாம். புதிதாக வந்த தொலைநோக்கியின் முன் கண்ணாடியில் வெயில் சாய்ந்து விழுந்தால் மின்னும். மின்னினால் எதிரே இருப்பவனுக்கு நாம் இருக்கிற இடம் தெரிந்துவிடும். அதைச் சாமான் கொடுத்த ஆள் கவனித்திருக்கிறான். ஆனால் சொல்லவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு துணியச் சுத்தி மறைச்சிருப்போம். அவ்வளவுதான் வேல. சொல்லல. எங் கூட்டாளி போயிட்டான்" என்றார். "குறை இருக்கது தப்பில்ல. குறையில்லாத சாமான் ஒலகத்துல கெடையாது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கான் பாரு, அவன்தான் கொல்லுதான்."

அன்றிலிருந்து நானும் கடையில் அதைப் பழக்கமாக வைத்துக்கொண்டேன். எதை விற்றாலும் முதலில் அதில் உள்ள குறையைச் சொல்லுவேன். ஆரம்பத்தில் இரண்டு பேர் பயந்து எழுந்து போனார்கள். போகப் போக, அந்த அம்மா கடையில் குறையைச் சொல்லித்தான் விற்கும் என்று தோணிக்காரர்கள் தேடிவர ஆரம்பித்தார்கள்.

ஆனால் அதைக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? கப்பலில் எல்லாமே திரையில் தெரிகிற காலம் வந்துவிட்டது. தோணிக்காரர்கள் கைபேசியில் திசை பார்க்கிறார்கள். கடையில் பாதி நாள் நானும் காற்றாடியும்தான். வாடகை கொடுப்பதே பெரும்பாடாகிவிட்ட நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கரையோரக் காவலுக்கு ராணுவத்தார் தொலைதூரம் பார்க்கிற தொலைநோக்கி வாங்கப் போகிறார்கள். முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானால் கரை நெடுக உள்ள காவல் இடங்களுக்கெல்லாம் அதே கடையிலிருந்து போகும். தேர்வானால் என் கடை பிழைக்கும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கும் தெரியும்.

பார்த்துச் சொல்லுவதற்கு, அனுபவமுள்ள ஆள் என்று அவரையே கூப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சலுகை வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என் வாசல்படியையே மிதித்திருக்க மாட்டார். அவர் சொல்லி நான் கேட்டிருந்ததையெல்லாம் மனதில் வைத்துத் தேடி ஒரு தொலைநோக்கி வரவழைத்தேன். முப்பது மடங்குதான் பெரிதாகக் காட்டும். ஆனால் தண்ணீர் மாதிரித் தெளிவு. முன்பக்கம் மின்னாமல் இருக்கத் தேன்கூடு போல ஒரு மூடி. திருகு கைக்கு அடங்கும். உச்சிவெயிலில் உப்பளத்துக்குக் கொண்டுபோய் நானே பார்த்தேன். எனக்குப் போட்டியாக மதுரைக்காரர் ஒருவர் எழுபது மடங்கு காட்டுகிற தொலைநோக்கியோடு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பயம் வரவில்லை.

பரிசோதனைக்கு முந்தின சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தபோது என் தொலைநோக்கியை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே சொன்னேன்.

"அண்ணாச்சி, இதுல ஒரே ஒரு சொட்டை. ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் வச்சிட்டு வெளிய எடுத்தா உள்கண்ணாடில மூட்டம் போடுது. பத்து நிமிசத்துல தானாப் போயிருது. வேற எதுவும் எனக்குத் தெரியல."

அவர் சிரித்தார். எப்போதாவதுதான் சிரிப்பார்.

"காவக் கொட்டாயில ஏது தாயி ஏசி? இருந்தாலும் சொன்ன பாரு, அதுதான் சரி. நான் பாத்துக்கிடுதேன்."

நான் பாத்துக்கிடுதேன் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பரிசோதனை நாளன்று உப்பளத்தை ஒட்டின ஒரு மாடிக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் முயல்தீவும், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டியவரை பாத்திகளும் தெரியும். நான் போனபோது அவர் கீழே வாசலில் நின்றிருந்தார். மதுரைக்காரரின் மகன், நல்ல வாட்டசாட்டமான பையன், தங்கள் தொலைநோக்கியை ஏற்கனவே மாடியில் நிறுத்தியிருந்தான்.

"ஒன் கண்ணாடிய ஆபீசு ரூம்ல வச்சிரு தங்கச்சி. கூப்பிடும்போது எடுத்துட்டு வரலாம்" என்றார் அவர்.

"அண்ணாச்சி, அங்கன ஏசி ஓடுது."

"தெரியும். வை."

வைத்தேன். அவர் சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். மூட்டம் போடுவதைக் காட்டி, அது தெளிவதையும் காட்டி, இதுதான் இதன் குறை, இவ்வளவுதான் இதன் குறை என்று அவர் பாணியில் சொல்லப்போகிறார் என்று நானாகவே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டேன்.

காலையிலேயே மதுரைக்காரர்களின் தொலைநோக்கியில் எல்லாரும் பார்த்தார்கள். இளம் வெயில், காற்றும் அசையவில்லை. தீவுக்குப் பக்கத்தில் போன வள்ளத்தின் பெயரைப் படித்தார் ஒருவர். தூரத்து வரப்பில் பரிசோதனைக்காக மூன்று ஆட்களை நிறுத்தியிருந்தார்கள், ஒருவன் கையில் துப்பாக்கி, மற்ற இருவர் கையில் மண்வெட்டி. எவன் கையில் எது என்று எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். பிறகு டீ வந்தது. பேச்சு, கணக்கு, தொலைபேசி என்று நேரம் போனது. சூரியன் தலைக்கு மேலே வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

குளிர்ந்து கிடந்த தொலைநோக்கியை மாடிக்குக் கொண்டுவந்து முக்காலியில் பொருத்தினேன். அதிகாரி குனிந்து பார்த்தார். இளவயசுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"என்னம்மா, புகை மாதிரி இருக்கு?"

"ஏசியில இருந்ததால அப்படி இருக்கு சார். பத்து நிமிஷத்தில் தெளிஞ்சிடும்."

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு தடவை கண்ணை வைத்தார், நிமிர்ந்தார்.

"உள்கண்ணாடியில் மூட்டம் படியுது சார். காத்து புகாம அடைக்கிற சீல் சரியில்லைன்னு அர்த்தம். கடற்கரையில வைக்கிற கண்ணாடிக்கு இது பெரிய குறை."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் சொன்னேன்: "சார், அவங்க கண்ணாடியையும் இப்ப இந்த வெயில்ல ஒரு தடவை பாருங்க."

அதிகாரி மறுபடி அவரைப் பார்த்தார். சரி என்று சொல்ல அவருக்கு ஒரு தலையசைப்பு போதும். உச்சிவெயிலில் பார்க்காத கண்ணாடியைக் கையால் தொடாத மனிதர் அவர்.

"தேவையில்ல சார். அதைக் காலையிலயே பார்த்தாச்சு. அதுல குறை ஒண்ணும் இல்ல."

அதிகாரி சிரித்துவிட்டார். "இவர் வாயால குறை இல்லைன்னு வந்து நான் கேட்டதே இல்லை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது. எத்தனையோ வருஷமாக எல்லாரிடமும் எல்லாவற்றிலும் குறை சொல்லிச் சேர்த்து வைத்திருந்த பெயரை, அவர் அந்த ஒரு நிமிஷத்தில் எடுத்துச் செலவழித்தார்.

எல்லாரும் படியிறங்கிப் போன பிறகு நான் மட்டும் மாடியில் நின்றேன். தொலைநோக்கியைக் கழற்றுவதற்கு முன் சும்மா ஒரு தடவை கண்ணை வைத்தேன். மூட்டம் போயிருந்தது. வரப்பில் அந்த மூன்று ஆட்களும் இன்னும் நின்றிருந்தார்கள். நடுவில் நின்றவன் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நெற்றியைத் துடைத்தது கூடத் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டுக் காட்ட அங்கே யாரும் இல்லை.

அப்போதும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்குமோ என்றுதான் பயந்தேன். வயசாகிறது, மறதி வந்திருக்கும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பாளையங்கோட்டையில் நல்ல கண் டாக்டர் யார் என்று இரண்டு பேரிடம் விசாரித்தும் வைத்தேன். சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. என்னைப் பார்க்கச் சங்கடப்படுகிறார் பாவம் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் மதினி மட்டும் கடைக்குள் வந்தாள். பட்டுச் சேலை, கையில் பத்திரிகைக் கட்டு. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஏளா, கல்யாணம் கூடிட்டு! எம் பிள்ளைக்குக் கல்யாணம் கூடிட்டு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கும் கண் கலங்கியது. உட்கார வைத்து, மாப்பிள்ளை யார் என்று கேட்டேன்.

"மதுரக்காரவ. ஒன் தொழிலுதான். நீ பாத்திருப்பியே, அன்னைக்கு உப்பளத்து மாடிக்கு டெலஸ்கோப்பு கொண்டுட்டு வந்த பையன். அதுக்கு ஒரு மாசத்துக்கு முந்தியே பேசி முடிச்சாச்சு. கெட்டுப்போயிருமோன்னு ஒங்கிட்டகூடச் சொல்லல. இந்த மனுசன் எப்பயும் போல என்னத்தையாவது சொல்லிக் கெடுத்துருவாவளோன்னு வயித்துல நெருப்பக் கெட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல தெரியுமா? அவ்வளவு நல்லவிதமா நடந்துகிட்டாவ."

"அண்ணாச்சி எங்க மதினி?"

"அந்தா வெளிய நிக்காவ. உள்ள வாங்கன்னேன், வேர்க்குதுன்னு சொல்லி நின்னுட்டாவ."

மதினியை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனேன். அவர் ஸ்கூட்டர் பக்கத்தில், எங்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவுக கண்ணாடிய நீங்க உச்சிவெயில்ல பாத்தியளா, பாக்கலையா?"

பொய் சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருந்திருக்கும்.

"பாத்தேன்" என்றார். "முந்தின நாளு. நான் மட்டும் மாடிக்குப் போயிப் பாத்தேன்."

"என்ன தெரிஞ்சிது?"

"ஒண்ணும் தெரியல. வரப்பே நெளிஞ்சுது."

"அங்கன உக்காந்து பாக்கப்போறதும் பட்டாளத்துப் பிள்ளைகதானே அண்ணாச்சி? ஒங்க கூட்டாளி மாதிரித்தானே?"

அவர் தாடை அசைந்தது. இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கண்ணில் புரையும் இல்லை, ஒன்றும் இல்லை. எப்போதும் போலத் தெளிவாகத்தான் இருந்தது.

"எம் பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயசு தங்கச்சி. அவளுக்கு வந்தது அத்தனையும் நாந்தான் கெடுத்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாய மூடிக்கிட்டு இருப்போம்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணை நான் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. ஆனால் மதினி அழுததையெல்லாம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. அவர்கள் கண்ணாடியைப் பற்றி வாயை மூடிக்கொண்டது எனக்குப் புரிந்தது. தகப்பன் என்று விட்டுவிட்டிருப்பேன். எனக்குப் புரியாதது வேறு.

"அப்ப எங் கண்ணாடிக்கும் வாய மூடியிருக்கலாம்லா அண்ணாச்சி? அத எதுக்கு ஏசி ரூம்ல வைக்கச் சொன்னிய? காவக் கொட்டாயில ஏது ஏசின்னு நீங்கதானே சிரிச்சிய?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கு வரைக்கும் தாங்க முடியாதது. நெஞ்சறிய யோசித்து முடிவெடுத்த ஆளைப் போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"நீ எங்கிட்ட வாய் தொறந்து சொல்லிட்டியே. அவுக ஒண்ணும் சொல்லல, அதனால நானும் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். ஆனா நீ சொன்னத நான் மறைச்சா அது பொய்யாயிரும்லா? மறைச்ச பொய்ய வச்சிக்கிட்டு நான் எப்படித் தூங்க?"

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நல்லது சொல்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ அத எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது தங்கச்சி."

நான் திரும்பி உள்ளே போனேன். மதினி சிரித்துக்கொண்டே பத்திரிகையை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பிள்ளை நல்லா இருக்கணும் மதினி என்று மனதாரச் சொன்னேன். அவள் போன பிறகு, கண்ணாடி அலமாரியில் நின்ற அந்தத் தொலைநோக்கியைத் துணியால் சுற்றி, வரவழைத்த இடத்துக்கே திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை ஒட்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.